எழுப்பக்கூடாத இருக்கை: கணினி நினைவகத்தைப் பூட்டி வைத்த கதை

உங்கள் கைபேசியும் மடிக்கணினியும் ஓயாமல் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு செயலியிடமும், "இந்த நினைவகம் முழுக்க உனக்குத்தான்" என்கின்றன. பத்துச் செயலிகள் திறந்திருந்தால் பத்துக்கும் அதே வாக்குறுதி. உண்மையில் உள்ளே இருக்கும் நினைவகம் அத்தனை பேருக்கும் போதாது. ஆனாலும் எல்லாம் ஓடுகிறது.

இந்தப் பொய்க்குப் பெயர் மெய்நிகர் நினைவகம். இதைப் பற்றி இணையத்தில் நிறையப் படிக்கலாம். நான் இன்று சொல்லப்போவது அதன் மறுபக்கத்தை. சில இடங்களில் கணினி இந்தப் பொய்யைச் சொல்லவே கூடாது. சொன்னால் ஒருவருடைய வங்கிக் கணக்கு விவரம் இன்னொருவருடைய நினைவகத்தில் போய் விழும். அந்த இடங்களில் ஒரு பக்கத்தை எடுத்து, "இது இங்கேதான் இருக்கும், யாரும் அசைக்கக் கூடாது" என்று பூட்டிவிட வேண்டும். மெயின்பிரேம் எனப்படும் பெரிய கணினிகளில் வேலை செய்பவர்கள் இதைப் பக்கத்தைப் பூட்டுதல் என்பார்கள். லோசானில் நான் செய்கிற வேலையில் இந்தச் சொல் அடிக்கடி வரும். ஆனால் அதன் கதை நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

பந்தியில் நூறு இருக்கை

முதலில் ஒரு கணக்கு. கோவில் திருவிழாவுக்கு அறுநூறு பேர் வந்திருக்கிறார்கள். அன்னதான மண்டபத்தில் நூறு பேர்தான் ஒரே நேரத்தில் இருந்து சாப்பிடலாம். என்ன செய்வோம்? பந்தி பந்தியாகச் சாப்பாடு போடுவோம். சாப்பிட்டு முடித்தவர் எழும்ப, வெளியே நிற்பவர் உள்ளே வருவார். அறுநூறு பேரும் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். மண்டபத்தில் அறுநூறு இருக்கை இருந்தது என்று நினைத்தாலும் பிழையில்லை.

கணினியிலும் இதுதான் நடக்கிறது. ஒரு நிரலின் நினைவகத்தைச் சம அளவான துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம். மெயின்பிரேமில் வழக்கமான பக்கம் ஒன்று 4096 பைட். மண்டபத்து இருக்கைகளைப் போல உண்மையான நினைவகமும் அதே அளவான இடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தேவைப்படும் பக்கம் இடத்தில் வந்து உட்காரும். கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பக்கத்தை இயங்குதளம் எழுப்பி வட்டுக்கு அனுப்பிவிடும். நிரல் மறுபடி அந்தப் பக்கத்தைத் தேடினால் கணினி ஒரு கணம் நின்று, வட்டிலிருந்து கொண்டுவந்து வேறு ஏதோ ஓர் இருக்கையில் உட்கார வைக்கும். நிரலுக்கு இது எதுவும் தெரியாது. அதன் கையில் இருக்கும் முகவரி மாறாது. அந்த முகவரிக்குரிய உண்மையான இடம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

எந்த முகவரி இப்போது எந்த இருக்கையில் என்பதை ஒரு அட்டவணை வைத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்து முகவரியை மாற்றிக் கொடுப்பது கணினியின் வன்பொருள். இந்த அட்டவணை இருப்பதால்தான் பொய் வேலை செய்கிறது.

மான்செஸ்டரில் 32 பதிவேடுகள்

இந்த எண்ணத்தை 1950களில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஃபிரிட்ஸ் ருடோல்ஃப் குன்ட்ஷ் தன் முனைவர் பட்ட ஆய்வில் எழுதியிருந்தார். அதை இயந்திரமாகக் கட்டிக் காட்டியது இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகம். டொம் கில்பேர்ன் தலைமையிலான குழுவின் அற்லஸ் கணினி 1962 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது.

அதன் முதன்மை நினைவகம் 16,384 சொற்கள். இன்றைய கணக்கில் சுமார் 96 கிலோபைட். நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு சிறிய படம் அதைவிடப் பெரியது. பக்கத்தில் சுழலும் காந்த உருளைகளில் அதைப்போல ஆறு மடங்கு இடம் இருந்தது. உருளை மலிவு, ஆனால் மெதுவானது. அதுவரை நிரல் எழுதுபவரே எந்தத் துண்டை எப்போது உருளையிலிருந்து எடுக்க வேண்டும், எப்போது திருப்பி எழுத வேண்டும் என்று திட்டமிட வேண்டியிருந்தது. கணக்குப் போடுவதைவிட இடம் ஒதுக்குவதற்கே அதிக நேரம் போனது. அற்லஸ் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது.

512 சொற்கள் ஒரு பக்கம். அப்படியானால் முதன்மை நினைவகத்தில் 32 இருக்கைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு. அதில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்ற எண் இருந்தது. அதோடு இன்னொரு பிட்டும் இருந்தது. அது ஒரு பூட்டு. உருளையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ ஒரு பக்கத்துக்குத் தகவல் வந்துகொண்டிருக்கும்போது அந்தப் பிட்டை ஏற்றி வைப்பார்கள். தகவல் வந்து முடியும்வரை நிரல் அந்தப் பக்கத்தைத் தொட முடியாது.

கவனியுங்கள். மெய்நிகர் நினைவகம் பிறந்த அதே இயந்திரத்திலேயே பூட்டும் பிறந்துவிட்டது. பக்கங்களை அசைக்கலாம் என்று கண்டுபிடித்தவர்களுக்கு, சில நேரம் அசைக்கக் கூடாது என்பதும் அன்றைக்கே தெரிந்திருந்தது.

மெட்ராஸுக்கு வந்த 155

அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1960களில் தன் 360 வரிசைக் கணினிகளில் மாதிரி 67 என்ற ஒன்றில் மட்டும் மெய்நிகர் நினைவகத்தைக் கொடுத்தது. 1970 ஜூனில் அடுத்த வரிசையான 370ஐ அறிவித்தபோது, மாதிரி 155, 165 இரண்டிலும் அது இல்லை.

இந்த மாதிரி 155க்கு நம் ஊர்களோடு ஒரு தொடர்பு உண்டு. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ஐ.ஐ.டி.க்கு 1973இல் அதே ஜெர்மன் உதவியில் ஓர் ஐ.பி.எம். 370/155 வந்து சேர்ந்தது. அந்தக் காலத்து இந்தியாவில் அது மிகப் பெரிய கணினிகளில் ஒன்று. மாணவர்கள் நிரலை அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும்வரை காத்திருந்த காலம் அது. ஒரு காற்புள்ளி பிழைத்தாலும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

155 மாதிரியில் அதிகபட்சம் 2 மெகாபைட் நினைவகம்தான் வைக்கலாம். அது சின்னச் சின்னக் காந்த வளையங்களைக் கம்பியில் கோத்துச் செய்த நினைவகம். ஒரு வளையம், ஒரு பிட். 2 மெகாபைட் என்றால் ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் அதிகமான வளையங்கள். இதனால்தான் நினைவகம் தங்கம் மாதிரி விலை போனது. இதனால்தான் மெய்நிகர் நினைவகத்துக்கு அத்தனை மதிப்பு.

1972 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஐ.பி.எம். 158, 168 என்ற புதிய மாதிரிகளை அறிவித்தது. இரண்டிலும் மெய்நிகர் நினைவகம் கூடவே வந்தது. ஏற்கெனவே 155ஐ வாங்கியவர்கள் என்ன செய்வது? முகவரியை மாற்றிக் கொடுக்கும் பெட்டியைத் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். விலை 155க்கு 2 இலட்சம் டொலர், 165க்கு 4 இலட்சம் டொலர். ஓர் ஆண்டுக்கு முன்புதான் பெருந்தொகை கொடுத்து வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

1974இல் எம்.வி.எஸ். என்ற இயங்குதளம் வந்தது. அதில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் 16 மெகாபைட் முகவரி வெளி தனித்தனியாகக் கிடைத்தது. கணினிக்குள் உண்மையில் இருந்ததோ அதைவிடக் குறைவு. ஐம்பது நிரல்கள் ஓடினால் ஐம்பது தடவை 16. பொய் மிகப் பெரிதாகிவிட்டது. அதைக் காப்பாற்றும் பூட்டுக்கும் வேலை கூடியது.

சாம்பார் வாளியோடு வரும் தம்பி

ஏன் பூட்ட வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ள மறுபடி மண்டபத்துக்குப் போவோம்.

பரிமாறுகிற தம்பியிடம் பெரியவர் ஒருவர் சொல்கிறார்: "37ஆவது இருக்கையில் இருக்கிற ஐயாவுக்கு உப்பில்லாத சாப்பாடு. குசினியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் குடு." தம்பி குசினிக்குப் போகிறான். போய்த் திரும்புவதற்குள் பந்தி மாறிவிட்டது. 37இல் இப்போது வேறொருவர். தம்பிக்கு ஆளைத் தெரியாது, இருக்கை எண் மட்டும்தான் தெரியும். நேரே போய் அந்த இலையில் போட்டுவிட்டு வருகிறான். உப்பில்லாத சாப்பாடு பிழையான ஆளுக்குப் போய்விட்டது. கேட்ட ஐயா இன்னும் பசியோடு வெளியே நிற்கிறார். எல்லாவற்றையும்விட மோசம், பிழை நடந்தது ஒருவருக்கும் தெரியாது.

மெயின்பிரேமில் அந்தத் தம்பியின் பெயர் சானல். வட்டிலிருந்தும் நாடாவிலிருந்தும் தகவலை எடுத்து நினைவகத்தில் வைப்பது அதன் வேலை. கணினியின் மையச் செயலி அதற்குள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். மெயின்பிரேம் இத்தனை வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதற்கு இந்தச் சானல்கள் முக்கிய காரணம். ஆனால் 370இன் சானலுக்கு அந்த முகவரி அட்டவணையைப் பார்க்கத் தெரியாது. அதற்கு உண்மையான இடத்தின் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். வட்டு ஒன்று சுழன்று, அதன் முனை நகர்ந்து, தகவல் வந்து சேர சில பத்து மில்லி வினாடிகள் ஆகும். அதற்குள் மையச் செயலி பல்லாயிரம் கட்டளைகளை முடித்துவிடும். பந்தி மாறுவதற்கு அது தாராளமான நேரம்.

ஆகவே இயங்குதளம் மூன்று வேலைகளைச் செய்தது. நிரல் கொடுத்த மெய்நிகர் முகவரிகளை உண்மையான முகவரிகளாக மாற்றி, சானலுக்கான கட்டளைப் பட்டியலைப் புதிதாக எழுதியது. தகவல் வந்து விழப்போகும் பக்கங்களைப் பூட்டியது. வேலை முடிந்தது என்று சானல் மணியடித்த பிறகு பூட்டைத் திறந்தது. ஒரே பக்கத்துக்கு இரண்டு இடங்களிலிருந்து தகவல் வரலாம் அல்லவா? அதனால் பூட்டியாயிற்று, திறந்தாயிற்று என்று மட்டும் குறித்தால் போதாது. எத்தனை பேர் பூட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கை வைக்க வேண்டும். இரண்டு பேர் பூட்டினால் இரண்டு பேரும் திறந்த பிறகுதான் அந்தப் பக்கம் எழும்பலாம்.

மண்டபக் காவலர் எழும்பலாமா?

இன்னொரு சிக்கலும் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வட்டுக்குப் போன பக்கத்தைத் திருப்பிக் கொண்டுவருவது இயங்குதளத்தின் ஒரு பகுதி. அதுவும் ஒரு நிரல். அதுவும் நினைவகத்தில்தான் இருக்கிறது. யாரும் தொடவில்லை என்று அதையே எழுப்பி வட்டுக்கு அனுப்பிவிட்டால்? பிறகு ஒரு பக்கம் தேவைப்படும்போது அதைக் கொண்டுவர ஆள் இல்லை. கொண்டுவரும் ஆளைக் கொண்டுவரவும் ஆள் இல்லை. வீட்டுத் திறப்பை வீட்டுக்குள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதை.

ஆகவே இயங்குதளத்தின் மையப் பகுதியும் அட்டவணைகளில் ஒரு பங்கும் என்றைக்கும் பூட்டியே இருக்கும். நேரக் கணக்கில் துளியும் பிசகக் கூடாத சில நிரல்களுக்கும், தன் சானல் கட்டளைகளைத் தானே ஓடும்போதே மாற்றி எழுதும் சில பழைய நிரல்களுக்கும், மெய்நிகர் முகவரியும் உண்மை முகவரியும் ஒன்றாகவே இருக்கும்படி ஒரு தனிப் பகுதியை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அங்கே பொய்யே கிடையாது.

பூட்டும் அதிகாரம் எல்லோருக்கும் கொடுக்கப்படவில்லை. சாதாரண நிரல் கேட்டால் மறுத்துவிடும். இயங்குதளமும் அது நம்பி அனுமதித்த நிரல்களும்தான் பூட்டலாம். காரணம் எளிது. ஒருவர் பூட்டும் ஒவ்வோர் இருக்கையும் மற்றவர்களுக்கு இல்லாத இருக்கை. நூறு இருக்கையில் தொண்ணூறைப் பூட்டிவிட்டால் மீதிப் பத்தில் ஐந்நூறு பேர் பந்தி பார்க்க வேண்டும். உட்கார்ந்த உடனே எழும்ப வேண்டியதுதான், ஒருவரும் சாப்பிட முடியாது. கணினியிலும் இப்படி நடக்கும். பக்கங்களை உள்ளே கொண்டுவருவதும் வெளியே அனுப்புவதுமே வேலையாகிப் போய், உண்மையான வேலை நின்றுவிடும். பீற்றர் டெனிங் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1968இல் இது ஏன் நடக்கிறது, எப்படித் தடுப்பது என்று விளக்கினார். ஒவ்வொரு நிரலும் ஒரு காலத்துக்குள் உண்மையில் தொடுகிற பக்கங்களின் கூட்டத்தை அளந்து பாருங்கள், அது உள்ளே கொள்ளாவிட்டால் அந்த நிரலைத் தொடங்கவே விடாதீர்கள் என்பது அவர் சொன்ன வழியின் சாரம்.

ஏரிக்கரையில் இரண்டு வழிகள்

நம் பக்கத்துக்கு வருவோம். லோசானிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் ஜெனீவா. அங்கே சேர்ன் ஆய்வுக்கூடத்தில் 1970களின் பிற்பகுதியில் ஓர் ஐ.பி.எம். 370/168 ஓடிக்கொண்டிருந்தது. நான் மேலே சொன்ன மெய்நிகர் நினைவகம், பூட்டு எல்லாம் கொண்ட இயந்திரம். ஏராளமான இயற்பியலாளர்கள் ஒரே நேரத்தில் அதைப் பகிர்ந்து வேலை செய்தார்கள். அதன் வாரிசுகள் 1990கள் வரை அங்கே இருந்தன. உலகளாவிய வலை சேர்னில் பிறந்தது உங்களுக்குத் தெரியும். அந்த வலையை அங்கே பலரும் முதன்முதலில் பயன்படுத்தியது மெயின்பிரேமில் இருந்த தொலைபேசிப் புத்தகத்தைத் தேடுவதற்காக என்பது பலருக்குத் தெரியாது.

லோசானிலோ வேறு வழி. இங்கே உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியான இ.பி.எஃப்.எல். 1980களில் க்ரே மீக்கணினிகளை வாங்கியது. அவற்றை வடிவமைத்த சீமோர் க்ரேக்கு மெய்நிகர் நினைவகத்தில் நம்பிக்கை இல்லை. அவருடைய இயந்திரங்களில் அது கிடையாது. நிரல் முழுவதும் உண்மையான நினைவகத்தில் இருக்க வேண்டும், இடம் இல்லாவிட்டால் ஓடாது. எல்லா இருக்கைகளும் எப்போதும் பூட்டியவை என்று சொல்லலாம். காற்றோட்டத்தையோ பாலத்தின் அதிர்வையோ கணக்கிடும் ஒரே ஒரு பெரிய நிரலுக்கு அது சரி. ஒரு பந்திக்கு ஒரு குடும்பம்தான் வருகிறது என்றால் எழுப்ப வேண்டிய தேவையே இல்லையே. ஆயிரம் பேர் வந்து ஆளுக்கொரு சின்ன வேலை கேட்கும் வங்கிக்கு அந்த வழி ஒத்துவராது.

இ.பி.எஃப்.எல். வளாகத்திலேயே பொலோ அருங்காட்சியகம் என்று பழைய கணினிகளுக்கான இடம் ஒன்று 2002 முதல் இருக்கிறது. லோசான் பக்கம் வந்தால் எம்1 மெற்றோவில் ஏறிப் போய்ப் பாருங்கள்.

"எங்களுடையதுதான் முக்கியம்"

இப்போது என் வேலைக்கு வருகிறேன். இன்றைய மெயின்பிரேமில் நினைவகம் டெராபைட் கணக்கில் இருக்கிறது. முகவரி 24 பிட்டிலிருந்து 1980களில் 31 ஆகி, 2000இல் 64 ஆகிவிட்டது. இனிப் பூட்டுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள்.

டி.பி.2 என்ற தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். பல பெரிய வங்கிகளின் கணக்குகள் அதில்தான் இருக்கின்றன. வட்டிலிருந்து வாசித்த தகவலை அது தன் நினைவகத் தொகுப்புகளில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவை வட்டிலிருந்து வாசிக்கும்போதும் பக்கத்தைப் பூட்டு, முடிந்ததும் திற. வினாடிக்கு ஆயிரக்கணக்கில் இது நடந்தால், பூட்டித் திறப்பதற்கே செயலியின் நேரம் கணிசமாகப் போகும். அதனால் 2004இல் வந்த எட்டாவது பதிப்பில் ஒரு வசதி கொடுத்தார்கள். ஒரு தொகுப்பை ஒரே தடவையாகப் பூட்டி, அப்படியே விட்டுவிடலாம்.

ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தில் இதைப் பற்றிய கூட்டத்தில் நான் இருந்தேன். ஏழெட்டுக் குழுக்கள். ஒவ்வொரு குழுவும் சொன்னது ஒரே வசனம்: "எங்களுடையதுதான் முக்கியம், எங்களுடையதைப் பூட்டுங்கள்." சம்பளக் கணக்கு முக்கியம். அட்டைக் கொடுப்பனவு முக்கியம். மாத இறுதி அறிக்கை முக்கியம். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது உண்மையான நினைவகத்தில் பெரும்பங்கு போய்விடும் என்று தெரிந்தது. அது போன பிறகு, கூட்டத்துக்கு வராதவர்களுடைய நிரல்கள் மீதி இடத்தில் அடிபட வேண்டியதுதான்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களே இருந்த ஒரு மூத்த சகா அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு பிரெஞ்சில் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்: "இதில் எந்தத் தொகுப்புக்கு வட்டிலிருந்து அதிகம் வருகிறது?" அறை அமைதியாகிவிட்டது. அதற்கான எண்களை யாரும் கொண்டுவரவில்லை.

அந்த வாரம் முழுக்க நானும் அவரும் எண்களை எடுத்தோம். முக்கியம் என்று சொன்ன சில தொகுப்புகள் ஏற்கெனவே நினைவகத்திலேயே வேண்டியது எல்லாம் கிடைத்து, வட்டுக்குப் போவதே அரிது. தம்பி வாளியோடு வராத இருக்கையைப் பூட்டி என்ன பயன்? யாரும் பேசாத ஒரு தொகுப்புக்குத்தான் இரவு பகலாகத் தகவல் வந்துகொண்டிருந்தது. இரண்டே தொகுப்புகளைப் பூட்டினோம். போதுமாக இருந்தது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. பூட்டு என்பது மரியாதை இல்லை, பதவி இல்லை. பூட்டாவிட்டால் என்ன கெடும், பூட்டினால் யாருக்கு இடம் குறையும், இரண்டையும் எண்ணிலே காட்ட முடிந்தால்தான் பூட்ட வேண்டும். நிரலோ ஆளோ, தேவை முடிந்ததும் திறக்க வேண்டும். திறக்க மறந்த பூட்டுகள் சேர்ந்துகொண்டே போனால், எழுப்பக்கூடிய இடம் தீர்ந்துபோகிறது என்று மெயின்பிரேம் எச்சரிக்கை போடும். அதிகம் பிடித்து வைத்திருப்பவர்களின் பெயரையும் சேர்த்தே போடும்.

இடமும் முகவரியும்

இதைப் படிக்கும் உங்களில் பலருடைய அப்பா அம்மா என் அப்பா அம்மாவைப் போல இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவர்கள். அவர்கள் கையில் இருந்த அட்டைகளை வீட்டில் எங்காவது பார்த்திருப்பீர்கள். முதலில் என், பிறகு சிலருக்கு எஃப், பிறகு பி, கடைசியில் சி. எஃப் அட்டைக்குத் தற்காலிக அனுமதி என்று பொருள். வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பலாம். ஆனால் ஊரில் நிலைமை சரி என்று முடிவெடுத்தால் எழும்பச் சொல்லலாம். சி அட்டை வந்த நாளில்தான் எங்கள் வீட்டில் புதிதாகத் தளபாடம் வாங்கினார்கள். அதுவரை பழையதுதான், போகச் சொன்னால் விட்டுவிட்டுப் போகலாம் என்று.

மனிதரும் நினைவகப் பக்கமும் ஒன்றல்ல. பக்கத்துக்கு வலிக்காது, வட்டுக்குப் போய் வந்தாலும் அதில் எழுதியிருப்பது ஓர் எழுத்துக்கூட மாறாது. மனிதருக்கு அப்படி இல்லை. ஆனாலும் பூட்டும் அதிகாரம் யாரிடம், எந்தக் கணக்கில் கொடுக்கப்படுகிறது என்ற கேள்வியை நான் வேலையில் கேட்கும்போது, எனக்கு அது வெறும் இயந்திரக் கேள்வியாக மட்டும் கேட்பதில்லை. பூட்டப்படாதவர்கள் பக்கமிருந்தும் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கையில் இருக்கும் பூட்டு

இது பழைய இயந்திரங்களின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதிப் பழகினால், தகவலை வரைகலைச் செயலிக்கு அனுப்பும் இடத்தில் நினைவகத்தைப் பூட்டலாமா என்று கேட்கும் ஒரு தெரிவைக் காண்பீர்கள். அதைப் போட்டால் வேகம் கூடும் என்று இணையத்தில் எழுதியிருப்பார்கள். ஏன் கூடுகிறது? வரைகலைச் செயலி மையச் செயலியைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்திலிருந்து நேரே எடுக்கிறது. எடுத்து முடியும்வரை அந்தப் பக்கம் அசையக் கூடாது. வாளியோடு வரும் அதே தம்பிதான், சட்டை மட்டும் புதிது.

கடவுச்சொற்களைக் கையாளும் நிரல்கள் இன்னொரு காரணத்துக்காகப் பூட்டுகின்றன. பக்கம் வட்டுக்குப் போனால் அதில் இருந்த இரகசியமும் வட்டில் எழுதப்படும். கணினியை அணைத்த பிறகும் அது அங்கேயே கிடக்கலாம். அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் வெளியே விடாமல் பூட்டி, வேலை முடிந்ததும் அழித்துவிடுகிறார்கள். லினக்ஸில் ஒரு சாதாரண நிரல் எவ்வளவு பூட்டலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஏன் வரம்பு என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

மெயின்பிரேம் தெரிந்தவர்கள் சுவிஸில் வேகமாக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் காத்து வந்த இயந்திரங்கள் ஓய்வு பெறவில்லை. உங்கள் அம்மா ஊருக்குக் காசு அனுப்பும்போது அந்தக் கணக்கு இப்படியொரு இயந்திரத்தைத் தாண்டிப் போயிருக்கக் கூடும். ஒரு பக்கம் சில மில்லி வினாடிகள் பூட்டியிருந்து, தொகை சரியான இடத்தில் விழுந்த பிறகு திறந்திருக்கும். இந்தத் துறையில் ஆட்கள் தேவை. கணினி படிக்கிறவர்கள் உங்கள் பேராசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "பக்கத்தைக் கொண்டுவரும் நிரலின் பக்கம் எங்கே இருக்கிறது?" அவர் சிரித்தால், கூட இருந்து பேசுங்கள். நல்ல மணித்தியாலம் ஒன்று கிடைக்கும்.